பிரஸ்ஸுக்கு அடியில் ஒரு பெட்டி

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பேர் சொல்லமாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரிந்துவிடும். "சார், அந்த ஷெட்ல இருக்குறவங்க எல்லாருமே ஃபிராடு சார். நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணிக்கை, தரையில ஒரு எண்ணிக்கை. இவங்களை வெச்சுக்கிட்டு ஒண்ணும் கிழிக்க முடியாது" என்று பொரிந்து தள்ளினார். எனக்கு வந்ததே கோபம்! ஓய்வு பெற்றவன் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் புரிந்தது, அந்தக் கோபம் அவர் மேல் இல்லை. அதே வார்த்தையை, அதே எகத்தாளத்தோடு, நானும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். சொன்ன இடம் படப்பைக்கு உள்ளே ஒரு தகர ஷெட். கேட்டுக்கொண்டு நின்றவள் பெயர் முத்துமாரி.

சிறு பட்டறைகளுக்குக் கணினியைக் கொண்டுபோய் வைப்பது நம் பிழைப்பு. எந்த மெஷினை எங்கே வைப்பது, எந்த ஒயரை எங்கே செருகுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒரே ஒரு நாள் காலையில் நான் என்னென்ன முட்டாள்தனம் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். அந்தக் காலையில் ஒரு பெண்மணியின் தொழில் கிட்டத்தட்டப் போயிருக்கும். போகவில்லை. அதற்கு நான் காரணமில்லை.

2007 வாக்கில் நான் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அப்போது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பெரிய தொழிற்சாலைகள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குள்ளே எல்லாம் நிமிடக் கணக்கு. ஆனால் அங்கே போகிற சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் படப்பையிலும் மணிமங்கலத்திலும் இருந்த ஷெட்டுகளில்தான் உருவாயின. அங்கே கணக்கு சாக்பீஸில். இயந்திரத்தின் பக்கவாட்டில் கோடு போடுவார்கள். சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்தால் அன்றைய பாடு முடிந்தது. சரக்கு ஏற்றிய டெம்போ பெரிய கம்பெனியின் கேட்டில் மணிக்கணக்கில் வெயிலில் கிடக்கும், உள்ளே ஒருவர் எல்லாவற்றையும் மறுபடி எண்ணி முடிக்கும் வரை.

பிறகு பெரிய கம்பெனிகள் ஒரு கட்டளை போட்டன. ஒவ்வொரு கிரேட்டிலும், அதாவது சரக்கு போகிற நீல நிற பிளாஸ்டிக் கூடையிலும், எண் அச்சிட்ட லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். டெம்போ கிளம்பும் முன்பே அந்த விவரம் அவர்கள் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நமக்கு வேலை வந்தது அப்படித்தான்.

சரளாவின் ஷெட்டுக்கும் அப்படித்தான் போனேன். அந்த அம்மா ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக இரண்டு பவர் பிரஸ் போட்டவர். பவர் பிரஸ் என்பது தகட்டை ஒரே அடியில் அடித்து வடிவம் கொடுக்கும் இயந்திரம்; நாங்கள் வெறுமனே பிரஸ் என்போம். நான் போனபோது ஆறு பிரஸ், இருபதுக்கு மேல் ஆட்கள். வாடிக்கையாளர் ஒரே ஒருவர்: ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு தொழிற்சாலை. சீட்டைத் தரையோடு பிணைக்கும் சின்ன பிராக்கெட் இங்கிருந்து போகும். அதன் துளையில் போல்ட்டைப் போட்டு முடுக்குவார்கள்.

முதல் நாளே சரளா என்னிடம் ஒரு கடிதத்தைக் காட்டினார். சரக்கில் குறை இருந்தால் அந்தத் தொழிற்சாலை ஒரு கறுப்புப் புள்ளி வைக்கும். ஒரே வருடத்தில் மூன்று புள்ளி விழுந்தால் சப்ளையர் நம்பரை முடக்கிவிடுவார்கள்; அதன் பிறகு சரக்கே வாங்கமாட்டார்கள். சரளாவுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. இரண்டும் எண்ணிக்கைக் குறைவுக்காக.

"இந்த நம்பர்தான் சார் எனக்கு எல்லாம். இது போச்சுன்னா ஆறு பிரஸ்ஸை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? இனிமே எண்ணிக்கை தப்பக் கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்ட்டேன்" என்றார்.

"கம்ப்யூட்டர் வந்தா தப்பவே தப்பாதும்மா" என்றேன். அப்படித்தான் சொன்னேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

வேலையைத் தொடங்கினோம். ஒரு கிரேட் நிரம்பியதும் ஆபரேட்டர் பொத்தானை அமுக்கினால் லேபிள் வரும்; கணக்கும் ஏறும். அத்தோடு விட்டேனா? ஷெட்டின் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி, ஒவ்வொரு ஆபரேட்டர் பெயரையும் போட்டு, இலக்கை எட்டினால் பச்சை, பின்தங்கினால் சிவப்பு என்று வைத்தேன். எனக்கு ரொம்பப் பெருமை. வருகிறவர்களை எல்லாம் டிவிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். மின்வெட்டு மண்டையை உடைத்த ஆண்டுகள் அவை. ஷெட்டில் இருந்த ஜெனரேட்டர் விளக்குக்கும் கணினிக்கும்தான் தாங்கும், பிரஸ்ஸுக்குத் தாங்காது. ஆகவே கரண்ட் போனால் பிரஸ் நிற்கும், டிவி மட்டும் ஓடும். ஓடாத மெஷினுக்கு முன்னால் சும்மா நிற்கிறவளின் பெயர் சுவரில் சிவப்பாக மாறும். இது அநியாயம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டிராயிங் மாறும்போது, அதாவது பாகத்தின் அளவை வாடிக்கையாளர் மாற்றும்போது, ஃபோர்மேன் ஏழுமலை ஒரு ஸ்பேனரை எடுத்து இரும்புத் தூணில் மூன்று தட்டு தட்டுவார். ஆறு பிரஸ்ஸும் நிற்கும். "எல்லாரும் எடுத்து வைங்க" என்பார், அவ்வளவுதான். எதை என்று சொல்லமாட்டார். ஆபரேட்டர்கள் குனிந்து எதையோ எடுத்துவந்து நடுவில் வைப்பார்கள். ஏழுமலை அந்த நேரம் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்று பீடியைத் தேடுவார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து புது அளவு ஓடத் தொடங்கும்.

நான் வந்து ஏழெட்டு மாதம் கழித்து பிராக்கெட்டின் துளையைப் பெரிதாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அரை மில்லிமீட்டர்தான், கண்ணால் பார்த்தால் தெரியாது. ஏழுமலை ஸ்பேனரைக் கையில் எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எதுக்கு ஏழுமலை லைனை நிறுத்துறீங்க? பழைய அளவுல ஒரு பீஸ்கூட இல்லை. கம்ப்யூட்டர்ல ஜீரோ இருக்கு பாருங்க."

"கம்ப்யூட்டர்ல இல்ல சார். ஆனா..." என்று அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "சொம்மா ஒரு அரை மணி நேரம் சார்."

"அரை மணி நேரம்னா ஆறு பிரஸ்ல எத்தனை பீஸ் போகும் தெரியுமா? இந்தப் பழக்கத்தை எல்லாம் விட்டுத் தள்ளுங்க."

அவர் ஸ்பேனரை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டு காலியாக இருந்தபோது தகட்டில் துளை போடும் அச்சான டையையும், அளவு பார்க்கும் பின்னையும் மாற்றினார்கள். மாற்றம் பற்றிய அறிவிப்பைக் கேபினில் இருந்த கணினித் திரையில் போட்டேன். கேபினுக்குள் வராத ஆபரேட்டர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. டையைச் சாணை பிடிக்கத்தான் கழற்றினார்கள் என்று திங்கட்கிழமை வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் கரண்ட் போனது. இரண்டு மணி நேரம் போக வேண்டியது நாலு மணி நேரம் போனது.

வெள்ளிக்கிழமை காலை சரக்கு ஏற்றிய டெம்போ ஏழு மணிக்கே ஒரகடத்துக்குப் போய்விட்டது. ஒன்பதரைக்கு நான் மணிமங்கலம் பக்கத்திலிருந்து இரண்டு பட்டறை முதலாளிகளை அழைத்துவந்திருந்தேன். அவர்களுக்கும் நம் கணினியை விற்க வேண்டும் என்று ஆசை. கேபினில் ஏசி ஓடுகிறது, மேசையில் டீ இருக்கிறது, நான் முழங்கிக்கொண்டிருக்கிறேன். "பாருங்க, நேத்து நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. அப்படியும் எல்லார் பேரும் பச்சை!" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. நாலு மணி நேரம் மெஷின் ஓடாமல் எப்படி எல்லாப் பெயரும் பச்சையாக முடியும்? வந்தவர்களில் ஒருவர் அதைக் கேட்கவும் செய்தார். "அதுதான் சார் எங்க சிஸ்டம்" என்றேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

அப்போது கேபின் வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். நாலாம் நம்பர் பிரஸ் ஆபரேட்டர். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்; படப்பையில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தாள். ஒரு கையில் பிராக்கெட், ஒரு கையில் அளவு பின்.

"சார், ஒரு விசயம் சொல்லணும்."

"அப்புறம் வாம்மா. ஆளுங்க வந்திருக்காங்க, தெரியலை?"

"இல்ல சார், இந்தத் துளைக்குள்ள பின்னு போவ மாட்டேங்கு..."

"ஏழுமலைகிட்ட சொல்லு. போ."

போய்விட்டாள். கதவு மூடியதும் நான் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்து, "இவங்களை நம்பினா தொழில் நடக்காது. கொஞ்சம் அசந்தா பொய்க் கணக்கு எழுதுற ஃபிராடுங்க. அதுக்குத்தான் கம்ப்யூட்டர்" என்றேன். கதவு என்னவோ மூடித்தான் இருந்தது. ஆனால் அது கண்ணாடிக் கதவு. அவள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தூணில் மூன்று தட்டு கேட்டது. ஆறு பிரஸ்ஸும் நின்றன. பிரஸ் ஓடும் ஷெட்டில் சத்தம் நின்றால் காது அடைத்தது போலிருக்கும். வெளியே ஓடினேன்.

"யாரு நிறுத்துனது? யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"நான்தான் சார்" என்றார் ஏழுமலை. அவர் முகம் வெளுத்திருந்தது. "பழைய துளை பீஸு கலந்து பூட்ச்சு. காலைல போன வண்டில கீது."

"எப்படிக் கலக்கும்? பழசுதான் ஜீரோவாச்சே!"

ஏழுமலை முத்துமாரியைப் பார்த்தார். முத்துமாரிதான் சொன்னாள். "பிரஸ்ஸுக்கு அடியில ஒரு பெட்டி வச்சிருப்பேன் சார். ஓட்டம் நல்லா இருக்க அன்னைக்கு கொஞ்சம் கூட அடிச்சு அதுல போட்டு வைப்பேன். கரண்ட் இல்லாத அன்னைக்கு எடுத்துப் போட்டுச் சரிக்கட்டிருவேன். நேத்து எம்பேரு செவப்பா வந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன். டிராயிங் மாறுனது எனக்குத் தெரியாது சார். மிச்சம் ஆறு பீஸு கெடந்துச்சு. இன்னைக்குக் காலைல என்னமோ தோணிச்சு, பின்ன விட்டுப் பாத்தேன். போவல."

அதற்குள் சரளா வந்துவிட்டார். அந்த பிராக்கெட்டை வாங்கிப் பின்னை நுழைத்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். அப்படியே பக்கத்திலிருந்த கிரேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் போனது நாற்பது கிரேட். சீட் தொழிற்சாலை அவற்றைப் பதினோரு மணி வாக்கில் லைனுக்கு எடுக்கும். போல்ட் நுழையாத ஒரு பிராக்கெட் லைனுக்கு வந்தால் சீட் நிற்கும். சீட் நின்றால் பக்கத்துக் கார் கம்பெனியில் கார் நிற்கும். மூன்றாவது புள்ளி விழும். நம்பர் போய்விடும்.

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். நேராகக் கேபினுக்கு ஓடினேன். எதற்கு? வியாழக்கிழமை பதிவைத் திறந்து, நாலாம் நம்பர் பிரஸ்ஸின் எண்ணிக்கையைத் திருத்துவதற்கு. பழி நம் கணினி மேல் விழக் கூடாது என்ற ஒரே நினைப்பு. விரல் விசைப்பலகையின் மேல் இருந்தது. பின்னாலேயே வந்த சரளா பார்த்துவிட்டார்.

"அதை அப்பறம் பாருங்க சார். எந்தெந்த கிரேட்டுன்னு மொதல்ல சொல்லுங்க."

கணினியைப் பார்த்தேன். நாற்பது கிரேட்டும் நல்லவை என்றது. முத்துமாரியிடம் மட்டுமா பெட்டி இருக்கும்? மற்ற ஐந்து பேர்? அது எனக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

ஏழுமலை மறுபடி, "எல்லாரும் எடுத்து வைங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், நீங்களும் கீறீங்க, அந்த டிவியும் கீது. எவனும் எடுக்கமாட்டான் சார்."

எனக்குச் சுரீர் என்றது. அந்த மணிமங்கலத்து முதலாளிகள் இருவரும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெருமையாக மாட்டிய டிவி. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, அதன் ஒயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. "இது இனிமே ஓடாது. யார் பேரும் எங்கயும் வராது. தப்பு என்னோடது. ஏழுமலை தட்டப் போனப்பவே தட்ட விட்டிருக்கணும். தயவுசெஞ்சு எடுத்து வைங்க" என்றேன். என்னைப் போன்ற முன்கோபிக்கு இந்த நாலு வார்த்தையைச் சொல்லி முடிக்க என்ன பாடாகிவிட்டது தெரியுமா!

ஏழுமலை திரும்பி நின்று பீடியைத் தேடினார். நானும் திரும்பி நின்றேன். பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது நடுவில் ஐந்து பெட்டிகள் இருந்தன. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தவை. ஆறு பிரஸ்ஸுக்கு ஆறு பெட்டி, முத்துமாரியுடையதையும் சேர்த்து. மற்ற ஐந்தும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. அதாவது அவர்கள் யாரும் தொடவில்லை. இரண்டு பேர் மட்டும் புதன்கிழமை அடித்த புது பீஸ் கொஞ்சம் மேலே சேர்த்திருந்தார்கள், எதையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை பச்சையாக வந்த மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்றால், கரண்ட் வந்த பிறகு ராத்திரி வெகுநேரம் வரை சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் ஓட்டியிருக்கிறார்கள். அதையும் நான் "எங்க சிஸ்டம்" என்று சொல்லியிருந்தேன்.

ஆக, கலந்தது நாலாம் நம்பரில் மட்டும். எத்தனை மணிக்கு? "ஏழு மணி பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு சார், அதுக்குப் பொறவு அடைச்ச கிரேட்டு எல்லாம்" என்றாள் முத்துமாரி. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலாம் நம்பரில் ஏழு மணிக்குப் பிறகு அச்சான லேபிள் மூன்று. மூன்றின் எண்ணும் திரையில் இருந்தது. அவள் நேரத்தைச் சொன்னாள், கணினி எண்ணைச் சொன்னது. பழைய சாக்பீஸ் காலமாக இருந்தால் நாற்பது கிரேட்டையும் திருப்பி அழைத்திருக்க வேண்டும். வெறும் கணினி காலமாக இருந்தால் லைன் நின்ற பிறகுதான் தெரிந்திருக்கும்.

சரளா போனை எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். சொன்னால் மூன்றாவது புள்ளியைத் தன் வாயாலேயே கேட்டு வாங்குவது போல. சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பலாம். பரிசோதனையில் யாராவது பிடித்துத் தூரப் போட்டுவிட்டுப் போகலாம். என்னைப் பார்த்தார். யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

சீட் தொழிற்சாலையில் சரக்கு வாங்கும் பிரிவின் அதிகாரியைக் கண்டால் அந்தப் பக்கத்து ஷெட்டுகளில் எல்லோருக்கும் பயம். சிரித்துப் பார்த்தவர் கிடையாது. "சார், எங்க சரக்குல மூணு கிரேட் தப்பு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார் சரளா.

"நீங்களேவா சொல்றீங்க?"

"நாங்களேதான் சார்."

"ஒண்ணு ஏற்கெனவே லைன் பக்கத்துக்குப் போயிடுச்சு. இருங்க." போனை வைக்காமலே அவர் யாரையோ கத்திக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்து சொன்னார்: "எடுத்துட்டோம். இன்னும் கை வைக்கலை. மாத்து சரக்கு பத்தே முக்காலுக்குள்ள இங்க இருக்கணும்."

ஆறு பிரஸ்ஸும் ஒரே நேரத்தில் ஓடின. ஆணையும் இல்லை, இலக்கும் இல்லை, டிவியும் இல்லை. அப்படி ஒரு வேகத்தை அந்த ஷெட்டில் நான் பார்த்ததே இல்லை. கூட்டிவந்த முதலாளிகளில் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னை விட்டுச் சோதித்தார். மூன்று கிரேட்டையும் சரளா தன் சின்னக் காரின் பின்சீட்டில் அடுக்கி ஓட்டிக்கொண்டு போனார். பத்து நாற்பதுக்கு கேட்டுக்குள் நுழைந்துவிட்டதாகப் போன் வந்தது.

புள்ளி? அதிகாரி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை நான் நேர்ல வர்றேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று நாள் சரளா எப்படித் தூங்கினாரோ தெரியாது, நான் தூங்கவில்லை.

திங்கட்கிழமை வந்தார். நான் கேபினை ஒழுங்குபடுத்தி, கணினியைத் திறந்து, ஏசியைப் போட்டுக் காத்திருந்தேன். அவர் கேபின் பக்கமே திரும்பவில்லை. நேராக நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போனார். தேய்த்த பேன்ட்டோடு, எண்ணெய் படிந்த தரையில் இரண்டு முட்டியையும் போட்டு, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து அடியில் பார்த்தார். எட்டு மாதமாக வாரம் இரண்டு முறை வந்துபோன நான் ஒரு நாளும் அப்படிக் குனிந்ததில்லை.

"இங்கதான் வெச்சிருந்தீங்களாம்மா?" என்று முத்துமாரியிடம் கேட்டார்.

"ஆமா சார்."

"எங்க லைன்லயும் வெச்சிருக்காங்க. கேட்டா இல்லைம்பாங்க" என்று சொல்லி எழுந்து முட்டியைத் தட்டினார். பிறகு என்னிடம் வந்தார். "இந்தப் பெட்டிக்கு உங்க கம்ப்யூட்டர்ல இடம் இருக்கா?"

"இல்லை சார்."

"போடுங்க. யார் பேரும் இல்லாம போடுங்க. சரளா அம்மா நம்பரை முடக்கமாட்டேன். புள்ளி வைக்கணும்னா கண்டுபிடிச்சது நாங்களா இருக்கணும். இது அவங்களா சொன்னது."

சரளா சட்டென்று திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கத்தான். அந்த அதிகாரியின் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை, இப்போதும் எழுதமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நம் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் இருந்தால் அவர்தான். மொத்தமாக எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு பத்து நிமிடம் இருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கட்டம் சேர்த்தேன். கையில் மிச்சம் எத்தனை என்று அதில் போடலாம், பெயர் வேண்டாம். கரண்ட் இல்லாத நேரத்தை இலக்கிலிருந்து கழித்தேன். டிராயிங் மாறினால் ஏழுமலை மூன்று தட்டு தட்டாமல் புது லேபிள் அச்சாகாது என்று ஏற்பாடு செய்தேன். அவர் தட்டி முடித்துப் பொத்தானை அமுக்க வேண்டும். டிவி மறுபடி மாட்டப்பட்டது. அதில் கரண்ட் எப்போது போகும், டெம்போ எங்கே நிற்கிறது, டிராயிங்கில் என்ன மாற்றம் என்பவை மட்டும் ஓடின. எல்லாம் தமிழில்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. முத்துமாரி சரளாவுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி வைத்திருந்தாள். சரளா சீட் தொழிற்சாலைக்குச் சொல்லாமல் பின்பக்கம் ஒரு அலமாரி நிறைய வைத்திருந்தார். அதுவும் பிறகு வெளியே வந்தது. சீட் தொழிற்சாலை கார் கம்பெனிக்குத் தெரியாமல் இரண்டு நாள் சரக்கு வைத்திருந்தது. பயந்து பயந்து ஒளித்து வைத்ததை அடிக்க எத்தனை தகடு, எத்தனை மின்சாரம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போயிருக்கும்! இந்தப் பக்கம் முழுக்க இரவு பகலாக உழைத்ததில் ஒரு பங்கு பயத்துக்குத் தீனியாகப் போனது. பெட்டி தைரியமாக வெளியே வந்த பிறகு சரளாவின் ஷெட்டில் ஞாயிறு ஓவர்டைம் நின்றது. அதே ஆறு பிரஸ், அதே ஆட்கள், இன்னும் இரண்டு பாகம் கூடுதலாகச் செய்தார்கள். டெம்போ கேட்டில் கிடக்கவில்லை. அவர் எண்ணிக்கையை நம்பலாம் என்று தெரிந்ததும் சீட் தொழிற்சாலையும் தன் சேமிப்பைக் குறைத்துக்கொண்டது. கணினி உற்பத்தியைக் கூட்டுமா என்று கேட்டால், கூட்டும். மேலே இருப்பவருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கத் தேவையில்லை என்று கீழே இருப்பவர் நம்பினால் கூட்டும். நம்பவில்லையென்றால் அதே பயத்தை லேபிள் ஒட்டி வேகமாக அனுப்பும்.

அந்த மணிமங்கலத்து முதலாளிகளில் சட்டைக் கையை மடித்தவர் மறுவாரம் போன் செய்தார். "சார், உங்க கம்ப்யூட்டர் இருக்கட்டும். அந்த ஏழுமலையை ஒரு மாசம் அனுப்புவீங்களா?" என்று கேட்டார். பிறகு கணினியும் வாங்கினார். டிவி மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

போன் செய்தவரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஷெட்டில் தரையில் ஒரு எண்ணிக்கை, திரையில் ஒரு எண்ணிக்கை என்றீர்களே, எந்தப் பயத்தில் அந்த வித்தியாசம் வந்தது என்று யாரையாவது கேட்டீர்களா? கேபினில் உட்கார்ந்து கேட்டால் பதில் வராது. உங்கள் பேன்ட்டில் எண்ணெய் படாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. எண்ணெய் வேண்டாமென்றால் ஷோரூம் வேலைக்குப் போங்கள்.

2015-இல் நான் ஓய்வு பெறும் முன் கடைசியாகச் சரளாவின் ஷெட்டுக்குப் போனேன். கையில் மிச்சம் என்ற கட்டம் மூன்று வாரமாகப் பூஜ்யம் காட்டியது. பூஜ்யத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் சந்தேகம்தான். நேராக நாலாம் நம்பருக்குப் போய் முட்டி போட்டுக் குனிந்தேன். அந்த எண்ணெய் டின் பெட்டி அங்கேயேதான் இருந்தது. உள்ளே ஒரு டிபன் பாக்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில். வேறொன்றும் இல்லை.

அப்புறம் கேபினில் உட்கார்ந்து, புதிதாக வந்திருந்த இரண்டு முதலாளிகளுக்குக் கணினியைக் காட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு சூடு பிடித்த நேரம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முத்துமாரி வந்து நின்றாள். இப்போது அவள் சூப்பர்வைசர். நான் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவைத் திறந்தேன்.

"சொல்லும்மா. எந்த கிரேட்?"

அவள் விழுந்த நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கிரேட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். டீ ஆறிப்போவுதுல்லா, அதச் சொல்லத்தான் வந்தேன்."